நாம பகிர்ந்த அந்த அஃபிடவிட்டை வாங்கித் தந்தது யார்?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிகளின் கூட்டுக் கூட்டத்தில் நம் அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. கொஞ்சம் நீளம்தான், முழுசா படிச்சிட்டுப் பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "மனித உரிமை". அதைக் கேட்டதுமே பாதிப் பேர் போனை எடுத்துட்டீங்க, பார்த்தேன். பரவாயில்ல, போன்லயே ஆரம்பிக்கிறேன். கேலரியைத் திறந்து தேர்தல் நேரத்துல நாம போட்ட கார்டுகளைத் தேடிப் பாருங்க. எதிர்த்து நின்ன வேட்பாளருக்கு எத்தனை கோடி சொத்து, எத்தனை வழக்கு, போன தடவை காட்டினதுக்கும் இந்தத் தடவை காட்டினதுக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்னு சிவப்பு எழுத்துல போட்டிருப்போம். அந்தக் கார்டு ஒவ்வொண்ணும் எத்தனை வாட்ஸ்அப் குழுவுக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? படிவம் 26. வேட்புமனுவோடு வேட்பாளர் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணைய இணையதளத்துல யார் வேணும்னாலும் தரவிறக்கலாம். அதுல வேட்பாளரோட சமூக வலைதளக் கணக்கு விவரம்கூட இருக்கும். நமக்கு அது ஓசியில கிடைச்ச மாதிரி இருக்கு. ஆனா 2002 வரைக்கும் அப்படி ஒரு காகிதமே கிடையாது. ஓட்டுக் கேட்டு வர்றவர் மேல கொலை வழக்கு இருக்கா, திருட்டு வழக்கு இருக்கானு கேட்க வாக்காளருக்கு வழியே இல்ல.

2002 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தன் மேல இருக்கிற குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாத்தையும் சொல்லணும்னு தீர்ப்புக் கொடுத்தது. அது ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கு. அப்புறம் நடந்ததுதான் நாம தெரிஞ்சுக்க வேண்டியது. டெல்லியில எல்லாக் கட்சிகளும் கூடி உட்கார்ந்து, இது ஆகாதுன்னு ஒரே குரல்ல சொன்னாங்க. எந்த விஷயத்திலும் சேராத கட்சிகள் இந்த ஒரு விஷயத்துல சேர்ந்துச்சு. அவசரச் சட்டம் வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்று ஒரு பிரிவைச் செருகினாங்க. எந்த நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி, இந்தச் சட்டத்தில் கேட்காத எதையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பிரிவின் சாரம். நீதிமன்றத் தீர்ப்பு மேலயே ஒரு பாயை விரிச்சு மூடின மாதிரி.

அந்தப் பாயை இழுக்க நீதிமன்றம் போனவர்களில் முன்னால் நின்ற அமைப்பு மக்கள் சிவில் உரிமைக் கழகம். பியூசிஎல்னு நாம கேள்விப்பட்டிருப்போம். 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் 33பி செல்லாதுன்னு தூக்கி எறிஞ்சது. வாக்காளருக்குத் தன் வேட்பாளரைப் பற்றித் தெரிஞ்சுக்கும் உரிமை, பேச்சுரிமையின் பகுதின்னு சொன்னது. அன்னைக்கு அவங்க போகலன்னா, இன்னைக்கு நம்ம அணியில டேட்டா பார்க்கிற தங்கச்சிக்கு வேலையே கிடையாது.

அதனாலதான் இந்த அமைப்பைப் பற்றிப் பேசணும்னு தோணுச்சு. 1976ல் தொடங்கினது, இப்போ 50வது ஆண்டு ஓடுது. அவங்களுக்குக் கட்சி இல்ல, கொடி இல்ல, ஓட்டு வேண்டியதில்ல. நமக்கும் அவங்க ஆள் இல்ல. பல நேரம் நமக்கு எரிச்சல் வர்ற மாதிரிதான் அறிக்கை விடுவாங்க. இருந்தாலும் கட்சி மேடையில அவங்களுக்கு மரியாதை செய்யணும்ங்கறது என் எண்ணம். ஏன்னு சொல்றேன்.

1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை. நம்ம வீட்டுப் பெரியவங்க "மிசா காலம்"னு சொல்லிக் கேட்டிருப்போம். அந்த 21 மாசத்துல நாடு முழுக்க 1,10,806 பேர் தடுத்து வைக்கப்பட்டாங்கன்னு பின்னாடி ஷா ஆணையம் கணக்குச் சொன்னது. பத்திரிகைக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31ல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் கட்சிக்காரர்களை அடிச்ச அடி, அதை விசாரிச்ச நீதிபதி இஸ்மாயில் ஆணையம், சிறையில் வாங்கின அடியோடு 1977ல் இறந்துபோன நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு, இதெல்லாம் தமிழ்நாட்டு அரசியல்ல இருக்கிற யாருக்கும் தெரிஞ்ச வரலாறு.

தெரியாத ஒண்ணு சொல்றேன். ஒருத்தரைப் பிடிச்சு உள்ள போட்டா வீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க? ஆட்கொணர்வு மனு போடுவாங்க. அந்தக் காலத்திலும் போட்டாங்க. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் இந்த மனுவை விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாதுன்னு சொன்னாங்க. விசாரணையின்போதே, போலீஸ்காரர் ஒருத்தர் சொந்தப் பகைக்காக ஒருத்தரைச் சுட்டுக் கொன்னாக்கூடவான்னு கேட்டதுக்கு, ஆமாம், நெருக்கடி நிலை இருக்கும் வரை பரிகாரம் இல்லைன்னு அரசுத் தரப்பு வக்கீல் சொன்னார். இது சினிமா வசனம் இல்ல, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. எச்.ஆர். கன்னா என்ற ஒரே ஒரு நீதிபதி மறுத்தார். தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர், அதுக்கப்புறம் அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கல.

அந்தத் தீர்ப்பு வந்த அதே வருஷம், நெருக்கடி நிலை அமல்ல இருக்கும்போதே, அக்டோபர் 17ஆம் தேதி டெல்லியில ஒரு கூட்டம் நடக்குது. ஜெயப்பிரகாஷ் நாராயணன் முயற்சி. ஆச்சார்ய கிருபளானி தொடங்கி வைக்கிறார். பம்பாய் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைவர். சிவில் உரிமைக்கும் ஜனநாயக உரிமைக்குமான மக்கள் கழகம்னு பேர். அந்த நேரத்துல நாலு பேர் சேர்ந்து டீக்கடையில நின்னாலே பயம். அப்போ பேரைப் போட்டு, பொறுப்பாளர் பட்டியல் போட்டு, ஓர் அமைப்பைத் தொடங்கினாங்க. நாம ஃபேக் ஐடியில உட்கார்ந்துக்கிட்டு வீரம் பேசுற காலம் இது, அதான் சொன்னேன்.

இதுக்கும் முன்னாடியே ஒரு விதை உண்டு. 1936ல் நேரு முயற்சியில பம்பாயில இந்தியச் சிவில் உரிமைச் சங்கம் தொடங்கினாங்க. தாகூர் கௌரவத் தலைவர், சரோஜினி நாயுடு செயல் தலைவர். வெள்ளைக்காரன் ஆட்சியில விசாரணை இல்லாம உள்ள போடுறதை எதிர்த்துக் கேட்கத்தான். சுதந்திரம் நெருங்கினதும் அது மெதுவா மங்கிப்போச்சு. நம்ம ஆளுங்களே ஆளப்போறாங்க, அப்புறம் யார்கிட்ட உரிமை கேட்கிறதுங்கற நினைப்பு. ஆனா சுதந்திர இந்தியாவின் முதல் தடுப்புக்காவல் சட்டம் எப்போ வந்தது தெரியுமா? 1950. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே வருஷம்.

இதே கதை 1977லும் நடந்தது. தேர்தல்ல ஜனதா ஜெயிச்சது. நெருக்கடி நிலையில ஜெயிலுக்குப் போனவங்களே மந்திரி ஆனாங்க. கழகத்துல இருந்த நிறையப் பேருக்கு, இனி நமக்கென்ன வேலைன்னு ஆயிடுச்சு. அமைப்பு தூங்கிடுச்சு. 1980ல் இந்திரா காந்தி மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகுதான் தட்டி எழுப்பினாங்க. அந்த வருஷம் நவம்பர்ல விதிமுறை எழுதி, இப்போ இருக்கிற பேர்ல, மக்கள் சிவில் உரிமைக் கழகமா மாறினது. ஜேபி அப்போ உயிரோடு இல்ல.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிறுத்துறேன், ஏன்னா இது நம்ம விஷயம். நம்ம கட்சி எதிர்க்கட்சியா இருக்கும்போது மனித உரிமை ஆர்வலர்கள் நமக்கு "தோழர்". அவங்க அறிக்கையை நாம ஷேர் பண்ணுவோம். நமக்குப் பிடிச்ச ஆட்சி வந்துட்டா அதே ஆள் "வேலையில்லாதவர்", "எங்கிருந்து காசு வருது" ஆயிடுவார். எல்லாக் கட்சி ஐடி விங்கும் இப்படித்தான். ஆனா போலீஸ் ஸ்டேஷன் லத்திக்குக் கட்சி கிடையாது. ஆட்சி மாறின மறுநாள் லத்தி மாறுறதில்ல. சட்டமும் அதே சட்டம்தான். குண்டர் சட்டம்னு நாம சொல்ற 1982ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டத்தை எந்த ஆட்சியும் குறைச்சுப் பயன்படுத்தினதா வரலாறு இல்ல. தடுப்புக்காவல்ல ஆளைப் போடுறதுல நாட்டிலேயே முன்வரிசை மாநிலம் நாமதான். இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

இப்போ அவங்க வேலை செய்யற முறையைச் சொல்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நான் மெக்கானிக்கல் முடிச்சவன், சட்டம் படிச்சவன் இல்ல. ஆனா ஒரு மெஷின் நின்னா நேரா போய்ப் பார்க்கணும், ஆபீஸ்ல உட்கார்ந்து காரணம் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. அவங்க "உண்மை அறியும் குழு"ன்னு ஒண்ணு வைப்பாங்க. ஒரு வக்கீல், ஒரு பேராசிரியர், ஒரு பத்திரிகையாளர், இப்படி நாலைஞ்சு பேர். சம்பவம் நடந்த ஊருக்கே போவாங்க. பாதிக்கப்பட்டவங்களைப் பார்ப்பாங்க, எதிர்த் தரப்பைப் பார்ப்பாங்க, போலீஸ் அதிகாரியைப் பார்ப்பாங்க, ஆஸ்பத்திரியில கேட்பாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி, யாரைப் பார்க்க முடியலங்கறதையும் எழுதி, கீழே தங்கள் பேரைப் போட்டு வெளியிடுவாங்க.

1984 அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை. அடுத்த நாலைஞ்சு நாள் டெல்லியில சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்னாங்க. அது மக்களின் ஆத்திரம், தானா நடந்ததுன்னு பேச்சு. அதே நவம்பர் மாசத்துக்குள்ள பியூசிஎல்லும் அதோட சகோதர அமைப்பான பியூடிஆரும் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க. "குற்றவாளிகள் யார்?" என்பது அதன் தலைப்பு. அகதி முகாம்ல இருந்தவங்க சொன்ன அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள் பேரையெல்லாம் பட்டியலா போட்டிருந்தாங்க. ஆளுங்கட்சி ஆட்கள் பேரு. அப்போ அரசு பெரும்பான்மை பலத்தோட இருந்த நேரம். அந்தக் கலவரத்துல சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பர் 17ல். 34 வருஷம். ஒரு புத்தகம் 34 வருஷம் காத்திருந்தது. நாம ஒரு ஸ்கிரீன்ஷாட்டை 34 நிமிஷம்கூடச் சரிபார்க்காம அடிச்சு விடுறோம். ஃபேக்ட் செக் பண்ணிட்டுப் போடுங்கன்னு தலைமை சொன்னா, "அதுக்குள்ள டிரெண்டிங் போயிடும் அண்ணே"ங்கறீங்க.

சரி, கசப்பான இடத்துக்கு வர்றேன். மாவுக்கட்டு.

யாருக்கும் விளக்கம் தேவையில்ல, சிரிப்புச் சத்தம் கேட்குது பாருங்க. கைது செய்யப்பட்ட பையன் ஒருத்தன், கையிலயோ கால்லயோ மாவுக்கட்டு, கீழே "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்". நம்ம குழுவிலயே அதுக்குச் சிரிப்பு எமோஜி, வடிவேலு மீம். ஒரு என்கவுன்டர் செய்தி வந்தா "சிங்கம்", பின்னணியில மாஸ் பிஜிஎம்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. எந்த ஊர் எம்எல்ஏ பையன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கான்? எந்தக் குவாரி முதலாளி, எந்தக் கல்லூரி அதிபர் பையன்? வழுக்கி விழுறது எல்லாம் குடிசை வீட்டுப் பையன், காலனிப் பையன், கூலிக்காரர் பையன். அந்தத் தெருவுலதான் நாம ஓட்டுக் கேட்கப் போறோம். அந்தப் பையன் குற்றவாளியாவே இருக்கட்டும். குற்றத்துக்கு ஜெயில் இருக்கு, நீதிபதி இருக்கார். கையை உடைக்கணும்னு எந்தச் சட்டப் புத்தகத்துல இருக்கு?

2020 ஜூன்ல சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துல கடை சம்பந்தமா கூட்டிட்டுப் போன தந்தையும் மகனும் திரும்பி வரல. அன்னைக்கு நாடே கொதிச்சது, நாமும் ஹேஷ்டேக் போட்டோம். அந்த ஸ்டேஷன்ல அந்த அடியை அடிக்கத் தைரியம் எங்கிருந்து வந்தது? மாவுக்கட்டுக்கு நாம சிரிச்ச சிரிப்புல இருந்தும் கொஞ்சம் வந்திருக்கு. இதை நான் வருத்தத்தோடதான் சொல்றேன்.

மும்பையில 1990கள்ல 99 என்கவுன்டர்கள்ல சுமார் 135 பேர் செத்தாங்க. பியூசிஎல் வழக்குப் போட்டது. 2014 செப்டம்பர் 23ல் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டு நெறிகளைக் கொடுத்தது. இன்னைக்கு நாட்டுல எந்த மூலையில என்கவுன்டர் சாவு நடந்தாலும் பொருந்தும். கட்டாயம் எஃப்ஐஆர் போடணும். சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது, சிஐடியோ வேற ஸ்டேஷன் அதிகாரிகளோ விசாரிக்கணும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கணும். சுட்டவங்களுக்கு உடனே பதவி உயர்வும் வீரதீர விருதும் கொடுக்கக் கூடாது. கடைசி வரியைத் திரும்பப் படிங்க. நாம போடுற "உடனே பிரமோஷன் கொடு" போஸ்ட், உச்ச நீதிமன்றம் வேண்டாம்னு சொன்ன வேலை.

ஒரு தமிழரைப் பற்றி இங்க சொல்லியே ஆகணும். கே.ஜி. கண்ணபிரான். மதுரையில 1929ல் பிறந்தவர், ஹைதராபாத்துல வக்கீலா இருந்தார். நெருக்கடி நிலைக்காலத்துல ஆந்திராவுல நடந்த என்கவுன்டர்களை விசாரிக்க 1977ல் ஜேபி அமைச்ச தார்குண்டே குழுவுக்கு அவர்தான் செயலாளர் பொறுப்பு. பின்னாடி ஏறக்குறைய 15 வருஷம் பியூசிஎல் தேசியத் தலைவர். 2010 டிசம்பர்ல மறைஞ்சார். நம்ம பசங்களுக்கு என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட் பேர் நாலு தெரியும், என்கவுன்டரை எதிர்த்து வாழ்நாள் பூரா வாதாடின மதுரைக்காரர் பேர் தெரியாது.

அடுத்து நேரடியா நம்ம தொழில் சம்பந்தப்பட்டது. முதல்ல போன். 1990கள் தொடக்கத்துல அரசியல்வாதிகள் போனை ஒட்டுக்கேட்டது வெளியே வந்தது. பியூசிஎல் வழக்குல 1996 டிசம்பர் 18 தீர்ப்பு. போன்ல பேசுறது தனிமனித அந்தரங்கம், நினைச்ச அதிகாரி நினைச்சபடி கேட்க முடியாது, உள்துறைச் செயலாளர் மட்டத்துல எழுத்துப்பூர்வமா உத்தரவு வேணும், அதை மறு ஆய்வுக் குழு பார்க்கணும்னு விதி வந்தது. கைது பண்ணும்போது போலீஸ் என்னென்ன செய்யணும்னு சொன்ன டி.கே. பாசு தீர்ப்பும் அதே நாள், அதே 1996 டிசம்பர் 18. அது மேற்கு வங்கத்துல சட்ட உதவி அமைப்பு நடத்தின ஒருத்தர் தலைமை நீதிபதிக்கு எழுதின ஒரு கடிதம், அதையே மனுவா எடுத்துக்கிட்டாங்க. 2017 ஆகஸ்ட் 24ல் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிகள் சொன்னாங்களே, அதுக்கு இந்தப் போன் தீர்ப்பும் ஒரு படிக்கட்டு. அதே தீர்ப்புலதான் 1976ன் ஜபல்பூர் தீர்ப்பும் தப்புன்னு ரத்தாச்சு. 1976ல் தப்பான பக்கம் கையெழுத்துப் போட்ட ஒய்.வி. சந்திரசூட்டோட மகன் டி.ஒய். சந்திரசூட்தான் அதை எழுதினார். 41 வருஷம்.

ரெண்டாவது, 66ஏ. இங்க இருக்கிறவங்கள்ல சில பேருக்கு அப்போ வயசு பத்துகூட இருக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. "தொந்தரவு தரும்" செய்தி அனுப்பினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். தொந்தரவுன்னா என்ன? போலீஸ் நினைச்சதுதான். 2012ல் புதுச்சேரியில ஒருத்தரை ஒரு ட்வீட்டுக்காகக் கைது பண்ணாங்க. மும்பை பக்கம் பால்கர்ல ஒரு பொண்ணு ஃபேஸ்புக்ல பந்த் பற்றி எழுதினதுக்கும், அவ தோழி அதுக்கு லைக் போட்டதுக்கும் கைது. லைக்குக்குக் கைது! 2015 மார்ச் 24ல் அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. வழக்குப் போட்டவங்கள்ல பியூசிஎல்லும் ஒண்ணு. நாம எல்லாரும் மறந்துட்டோம். அவங்க மறக்கல. ரத்தான பிரிவுலயே இன்னும் எஃப்ஐஆர் போடுறாங்கன்னு ஆதாரத்தோட 2019ல் திரும்பப் போனாங்க. 2022 அக்டோபர்ல நீதிமன்றம், இனி யார் மேலயும் இந்தப் பிரிவுல வழக்கு நடத்தக் கூடாது, இருக்கிறதையும் நீக்குங்கன்னு உத்தரவு போட்டது. ஜெயிச்ச வழக்கைக்கூட ஏழு வருஷம் பின்னாடியே போய்ப் பார்த்தாங்க.

நோட்டாவும் அவங்க வழக்குதான், 2004ல் போட்டு 2013 செப்டம்பர்ல ஜெயிச்சது. தீர்ப்பு எழுதின தலைமை நீதிபதி ப. சதாசிவம் நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரர். அதுக்கு முன்னாடி 49ஓ போடணும்னா வாக்குச்சாவடி அதிகாரிகிட்ட சொல்லி, பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும், பூத் ஏஜென்ட் எல்லாரும் பார்த்துட்டிருப்பாங்க. கட்சிக்காரனுக்கு நோட்டா பிடிக்காது, எனக்கும்தான். விடுங்க.

எல்லா வழக்கும் ஜெயிச்சதுன்னு நினைக்காதீங்க. பொடா சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்குல 2003 டிசம்பர்ல சட்டம் செல்லும்னுதான் தீர்ப்பு. ஆனா அதே தீர்ப்புல, பயங்கரவாதத்துக்கு உதவணும்ங்கற எண்ணம் இல்லாம வெறுமனே பேசினது மட்டும் குற்றம் ஆகாதுன்னு ஒரு கதவு திறந்தது. அப்போ திருமங்கலத்துல பேசின பேச்சுக்காக வைகோ அவர்கள் 2002 ஜூலைல இருந்து உள்ள இருந்தார். அவரும் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போயிருந்தார். 19 மாசம் கழிச்சுத்தான் ஜாமீன். மேடைப்பேச்சே நம்ம முதலீடுங்கற ஊர்ல இந்தத் தீர்ப்பு யாருக்கு உதவும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மனித உரிமைன்னா குற்றவாளிக்கு மட்டும்தானான்னு கேட்பீங்க. 2001ல் ராஜஸ்தான்ல பஞ்சம். உணவுக் கழகக் கிடங்குல தானியம் நிரம்பி வழியுது, ஊர்ல ஜனம் பட்டினி. ராஜஸ்தான் பியூசிஎல் உச்ச நீதிமன்றம் போச்சு. 2001 நவம்பர் 28 உத்தரவு: நாடு முழுக்க அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒவ்வொண்ணுலயும் சமைச்ச மதிய உணவு, குறைஞ்சது 300 கலோரி, வருஷத்துக்கு 200 நாள். காமராஜர் 1956லயும் எம்ஜிஆர் 1982லயும் செஞ்சதை நாம பெருமையா சொல்றோம், சரிதான். அதையே பீகார் பிள்ளைக்கும் உத்தரப் பிரதேசப் பிள்ளைக்கும் உரிமையாக்கினது இந்த வழக்கு. இன்னைக்கு அரியலூர் சிமென்ட் ஆலைகள்ல ஒப்பந்த வேலை பார்க்கிற வடநாட்டுப் பசங்கள்ல சில பேர் அந்தச் சோறு சாப்பிட்டுப் படிச்சவங்களா இருப்பாங்க. அவங்களைப் பற்றி நாம போடுற மீம் வேற கதை, இன்னொரு நாள் பேசுவோம். ஆனா ஒண்ணு: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்கினா அது கட்டாய உழைப்புன்னு 1982ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பியூடிஆர் போட்ட வழக்குல. ஆசிய விளையாட்டுக்கு டெல்லியில கட்டடம் கட்டின கூலிக்காரங்களுக்காக. நம்ம குவாரிக்கும் சூளைக்கும் அது பொருந்தும், உள்ளூர் ஆளா இருந்தாலும் வெளியூர் ஆளா இருந்தாலும்.

இதுக்கெல்லாம் அவங்களுக்குக் கிடைச்ச பரிசு? பினாயக் சென், குழந்தைகள் டாக்டர், பியூசிஎல் தேசியத் துணைத் தலைவர். 2007 மே மாசம் சத்தீஸ்கர்ல கைது, ரெண்டு வருஷம் ஜெயில், 2010ல் ஆயுள் தண்டனை, 2011ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன். அதே மாநிலக் கழகத்துல பொதுச் செயலாளரா இருந்த வக்கீல் சுதா பரத்வாஜ், 2018 ஆகஸ்ட்ல கைது, மூணு வருஷத்துக்கு மேல ஜெயில். அந்தச் சுதாவோட சேர்ந்து ஜார்க்கண்ட்ல விசாரணைக் கைதிகளுக்காக ஓர் அமைப்பு நடத்தினவர் யார் தெரியுமா? நம்ம பக்கத்துத் திருச்சி மாவட்டம் விரகாலூர்ல பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. நக்சல்னு முத்திரை குத்தி வருஷக்கணக்கா உள்ள வச்சிருந்த ஆதிவாசிப் பசங்களைக் கணக்கெடுத்து உயர் நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபர் 8ல் அவரையே கைது பண்ணாங்க. நடுக்கு வாத நோய், டம்ளரைப் பிடிக்க முடியாத கை. தண்ணி குடிக்க ஒரு உறிஞ்சு குவளை கேட்டு நீதிமன்றத்துல மனு போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5, ஜாமீன் கிடைக்காமலே மும்பை ஆஸ்பத்திரியில போய்ச் சேர்ந்தார். வயசு 84. அந்த வாரம் நம்ம ரெண்டு மாவட்டக் குழுவுலயும் அவர் படத்தைப் பார்த்தேன், ஆனா அவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்னு எழுதின கார்டு ஒண்ணுகூடக் கண்ணுல படல.

நேரம் ஆயிடுச்சு, மாவட்டச் செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் கேட்கிறது மூணே விஷயம், மூணும் இந்த அறையிலயே முடிவு பண்ணக்கூடியது.

நம்ம பெரம்பலூர், அரியலூர் அதிகாரப்பூர்வப் பக்கங்கள்ல இனி மாவுக்கட்டுப் படமும் என்கவுன்டர் கொண்டாட்டமும் போடுறதில்லைன்னு அட்மின்கள் ஒத்துக்கணும். யார் ஆட்சின்னு பார்க்காம. உண்மை அறியும் குழு அறிக்கை நமக்கு எதிரா வந்தா, அதுல தப்பு இருந்தா தப்பை ஆதாரத்தோட எழுதுவோம், எழுதினவரோட சாதி, மதம், குடும்பத்தை இழுக்கிற வேலை வேண்டாம். மூணாவது, டி.கே. பாசு தீர்ப்பைச் சின்னச் சின்னத் தமிழ்க் கார்டா போடணும். கைது பண்ற போலீஸ் பேர்ப் பட்டை போட்டிருக்கணும், கைதுக் குறிப்பு எழுதி வீட்டு ஆள் ஒருத்தரோ ஊர்க்காரர் ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும், வேண்டியவர் ஒருத்தருக்குத் தகவல் சொல்லணும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கணும். இது ஒவ்வொரு கிளைச் செயலாளர் போன்லயும் இருக்கணும். ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணே, பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க"ன்னு முதல்ல போன் வர்றது அவருக்குத்தான்.

வரைகலை தெரிஞ்சவங்க நாலு பேர், தமிழ் தட்டச்சு பிழையில்லாம பண்றவங்க ரெண்டு பேர், சட்டம் படிக்கிற தங்கச்சி யாராவது இருந்தா ஒருத்தர், சாப்பாட்டு நேரத்துல பின்வரிசையில என்கிட்ட பேர் கொடுங்க.